ஆல்டோ இல்லாத பள்ளிக்கூடம்

"அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆல்டோவே கிடையாது" என்றுதான் நோரீன் ரெக்கர் தன் முதல் விமரிசனத்தைத் தொடங்கியிருந்தாள். "பன்னிரண்டு பிள்ளைகள் பாடுகிறார்கள். பன்னிரண்டு பேரும் மெட்டையே பாடுகிறார்கள். மெட்டுக்குக் கீழே நின்று அதைத் தாங்குகிற கனத்த பெண்குரல் ஒன்றுகூட இல்லை. எல்லோருமே மாடியில் குடியிருந்தால் கீழே சுவர் யார்?"

எங்கள் வாரப் பத்திரிகையில் பிழை திருத்துவதும் பக்கம் கட்டுவதும் என் வேலை. அந்த வரியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கைவைத்திருந்தது ஊரே கொண்டாடிய சீரியலில். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பாடி ஆடுகிற கதை. செவ்வாய்தோறும் மாலை எட்டு மணிக்கு வரும். கதை நடப்பதாகச் சொல்லப்பட்ட ஊர் எங்கள் வெக்ஸலிலிருந்து நாற்பது மைல். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் இந்த மூலையைத் தேர்தல் சமயத்தில்கூட யாரும் டிவியில் காட்டியதில்லை. அதனால் அந்தச் சீரியலை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. "செவ்வாய் பாத்தியா?" என்றால் போதும்.

நோரீன் பார்த்தாள். ஒன்று விடாமல் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஃபுட்பால் மைதானத்துக்குப் பின்னால் மலை தெரிகிறது என்று எழுதினாள். எங்கள் மாவட்டத்தில் மிக உயரமான இடம் நெடுஞ்சாலை மேம்பாலம். பனிக்காலத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாடப் போவது அதன் கரைக்குத்தான். ஜனவரியில் எல்லோரும் கோட்டு இல்லாமல் அலைகிறார்கள், மூக்கு ஒழுகுகிற ஒரு பிள்ளைகூட இல்லை என்று எழுதினாள். திங்கட்கிழமை எடுத்த பாட்டைச் செவ்வாய்க்கிழமை பிசகில்லாமல் பாடுகிறார்கள், அதற்கு நடுவில் யாரும் ஒத்திகை பார்த்ததாகத் தெரியவில்லை, வாத்தியக்காரர்கள் எந்த அலமாரியிலிருந்து வருகிறார்கள் என்றும் தெரியவில்லை என்று எழுதினாள். பியானோ வாசிக்கிறவர் ஆறு பக்கப் பாட்டை வாசித்து முடிக்கிறார், ஒரு பக்கம்கூடத் திருப்பப்படவில்லை என்பதையும் விட்டுவைக்கவில்லை.

முதல் வாரம் பதினோரு கடிதம் வந்தது. ஒவ்வொரு உறையைப் பிரிக்கும்போதும் உள்ளே என் பெயரும் இருக்குமோ என்று முதலில் அதைத்தான் தேடுவேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு ஆள் பக்கம் கட்டுகிற பத்திரிகையில் உள்ளூர்ப் பெருமையைக் கிழிக்கிறார்கள் என்று யாராவது எழுதிவிடுவார்கள் என்ற பயம். யாரும் எழுதவில்லை. எல்லோரும் நோரீனைத்தான் திட்டியிருந்தார்கள். 'நம்ம பக்கத்தைப் பத்தி நாடே பேசுது, அது உங்களுக்குப் பொறுக்கலையா' என்று கேட்டது ஒரு கடிதம். அதை அப்படியே போடச் சொன்னாள். கீழே தன் பதிலாக ஒரே வரி: 'பேசட்டும், சரியாகப் பேசட்டும்.'

நோரீன் பிறந்தது 1965இல், ஊருக்கு வடக்கே சோளமும் சோயாவும் போடுகிற ஒரு பண்ணையில். பிறக்கும்போதே முதுகெலும்பு கீழே மூடாமல் இருந்தது. ஒன்பது வயது வரை காலில் இரும்புத் தாங்கிகளோடு நடந்தாள். அதற்குப் பிறகு சக்கர நாற்காலி. தன் வேனை, பிரேக்கைக்கூடக் கையாலேயே இயக்கி, தானே ஓட்டுகிறவள், தன் நாற்காலியை வேறு யாரும் தொட விடாதவள். கைப்பிடி இருந்தால் யாராவது பிடித்துத் தள்ளுவார்கள் என்று, பின்னால் கைப்பிடியே இல்லாத நாற்காலிதான் வாங்குவாள்.

இருபத்திரண்டு வருடமாக அவள் மாவட்ட அவசர அழைப்பு மையத்தில் வேலை பார்க்கிறாள். 911 அழுத்தினால் மறுமுனையில் எடுக்கிற குரல் அவளுடையது. கேரி நீஸின் களஞ்சியம் பற்றி எரிந்தபோது கேரி கேட்டது அந்தக் குரலைத்தான். பனிப்புயலில் வண்டி நின்றுபோய், பின் சீட்டில் மனைவிக்குப் பிரசவம் பார்த்த ஒரு தகப்பன் கேட்டதும் அதைத்தான். தாழ்ந்த, அவசரப்படாத, கொஞ்சம் கரகரத்த குரல். இந்த மாவட்டத்தில் அதைக் கேட்காத வீடு குறைவு. கேட்டவர்கள் யாரும் அதைப் பாட்டோடு சேர்த்து நினைத்ததில்லை.

ஆனால் அவள் பாடகிதான். பத்தாம் வகுப்பில் பாடகர் குழுவுக்குக் குரல் சோதனை கொடுத்துத் தேறியவள். தேறிய பிறகுதான் அப்போதிருந்த வாத்தியாருக்கு யோசனை வந்தது. ஆல்டோக்கள் நிற்பது மேடைமேல் போட்டிருக்கும் படிமேடையின் மூன்றாம் படியில். அவர் நல்ல மனிதர், யாரையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். அதனால் மேடைக்குக் கீழே, தரையில் இருந்த பியானோவுக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் கொடுத்து, பக்கம் திருப்புகிற வேலையும் கொடுத்தார். பக்கமும் திருப்பலாம், பாடவும் பாடலாம்.

"மூணு வருஷம் பாடினேன். கேட்டது பியானோவோட பக்கப் பலகை மட்டும்தான்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் குரலில் வருத்தம் இல்லை. முகவரி சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

மேடையில் எது விழுந்தாலும் உருண்டு அவளிடம்தான் வரும். பென்சில், இருமல் மிட்டாய், ஒரு கிறிஸ்துமஸ் கச்சேரியில் உச்சக் குரலில் பாடும் சோப்ரானோ ஒருத்தியின் கழுத்திலிருந்து அறுந்த முத்துமாலை. பாட்டு நடக்க நடக்க முத்துகள் ஒவ்வொன்றாக மேடை விளிம்பு தாண்டி அவள் மடியில் விழுந்தன. அவள் ஒரு கையால் முத்து பொறுக்கினாள், மறு கையால் பக்கம் திருப்பினாள், ஆல்டோவையும் விடவில்லை.

சீரியலில் சக்கர நாற்காலிப் பையன் ஒருவன் உண்டு. அவனைப் பற்றி அவள் எழுதியது 2011 பிப்ரவரியில். ஊரே காத்திருந்த கட்டுரை அது. அழுகையோ உபதேசமோ இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். "அந்த நாற்காலி ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஓரமாக நிற்கிற சாதி. அதில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் மறுநாள் தோள் எழாது" என்று தொடங்கினாள். "வருகிறவர் போகிறவர் எல்லாம் அவனைக் கேட்காமல் தள்ளுகிறார்கள். அவன் எங்கே போக நினைத்தான் என்று கதாசிரியர் இதுவரை கேட்கவில்லை. எந்தக் கதவிலும் அவன் மாட்டியதில்லை. நடிக்கிற பையனின் கால், தாளம் சூடு பிடித்தால் தானாக ஆடுகிறது. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. தாளம் நன்றாக இருந்தது."

இந்த முறை கடிதங்கள் குறைவு. ஆனால் மளிகைக் கடையில் என்னைப் பார்த்தவர்கள் பழைய மாதிரிச் சிரிக்கவில்லை. அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

அந்த வருடம் எங்கள் ஊர்ப் பள்ளியின் பாடகர் குழுவுக்கு ஐம்பதாம் ஆண்டு. மார்ச் கடைசி சனிக்கிழமை மதியம் பெரிய கச்சேரி. கடைசிப் பாட்டுக்குப் பழைய மாணவர்கள் எல்லோரும் மேடையேறிப் பிள்ளைகளோடு பாட வேண்டும். நோரீன் முதல் நாளே பெயர் கொடுத்துவிட்டாள். இப்போதைய வாத்தியார் டேரில் ஷ்ரோடர். நோரீனின் வகுப்புத் தோழன். பதினேழு வருடமாக அதே மேடையில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவன்.

தவக்காலத்தின் முதல் வெள்ளி, மாதா கோயில் கூடத்தில் மீன் வறுவல் சாப்பாடு. நானும் நோரீனும் போயிருந்தோம். மீன் பரிமாறியவள் பெக் நீஸ். அவளும் அதே வகுப்பு, அவளும் ஆல்டோ. களஞ்சியம் எரிந்த கேரியின் மனைவி.

"வாங்க விமரிசகரே," என்றாள் பெக். "மீன்ல என்ன குறைன்னு இப்பவே சொல்லிட்டா எழுதற வேலை மிச்சம்."

"கோஸ் சாலட்ல உப்பு இல்ல. மீனைப் பத்தி அடுத்த வாரம்."

"உன்னை யாரு கல்யாணம் பண்ணிக்கப் போறாங்க சொல்லு."

"அதுக்குத்தான் சாலட்டைத் திட்டறேன். யாரும் கிட்ட வரதில்ல."

டேரில் தட்டோடு வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தான். சிவந்த முகம், எப்போதும் கொஞ்சம் மூச்சு வாங்குகிற ஆள். உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டான்.

"நோரீன், நீ எழுதறதெல்லாம் சரின்னே வச்சுக்குவோம். ஆனா போன வருஷம் காயர்ல பத்தொம்பது பேரு. இந்த வருஷம் அம்பத்தி நாலு. அதுல எட்டு பேரு ஃபுட்பால் பசங்க. ஃபுட்பால் பசங்க, நோரீன். அதை நான் பண்ணல, நீ பண்ணல. செவ்வாய் பண்ணுச்சு."

நோரீன் மீனை மென்று முடித்தாள். "அது நியாயம். நாளைக்கே எழுதறேன். பேரோட எழுதட்டுமா?"

"எழுது." அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதான் ஒரு ஐடியா. டிவியில அந்தப் பையனுக்காக எல்லாரும் நாற்காலியில உக்காந்து ஆடுவாங்கல்ல, அதை நம்ம பசங்க பண்ணப் போறாங்க. எட்டு பேரு, எட்டு சக்கர நாற்காலி. முதியோர் இல்லத்து ஸ்டோர் ரூம்ல சும்மா கெடந்துச்சு, கேட்டேன், குடுத்துட்டாங்க. ரெண்டு வாரமா ஜிம்ல பழகறாங்க. சூப்பரா பண்றாங்க."

"எட்டு பேருக்கும் கால் இருக்கா?"

"இருக்கு."

"சந்தோஷம். கடைசிப் பாட்டுக்கு நான் எங்க?"

டேரில் முள்கரண்டியால் சாலட்டைக் கிளறினான். "நீ உன் பழைய எடத்துலயே. பியானோ பக்கத்துல. பாக்கறவங்களுக்கும் மனசைத் தொடற மாதிரி இருக்கும்."

"மேடை மேல எட்டு நாற்காலி. கீழ ஒண்ணு."

"அப்படிப் பாக்காதே."

"நான் உக்காந்திருக்கற எடத்துலேந்து அப்படித்தான் தெரியுது."

"மேடைக்கு ஏற ஒம்போது படி இருக்கு நோரீன். உன்னைத் தூக்கிட்டு ஏறினா நீயே என்னைக் கொன்னுடுவே."

"அந்த எட்டு நாற்காலியை எப்படி மேல ஏத்தப் போறே?"

"பின்பக்கக் கதவு வழியா. சாமான் ஏத்தறதுக்குச் சரிவு ஒண்ணு..." டேரில் நிறுத்திக்கொண்டான்.

"எப்ப கட்டினது?"

"பள்ளிக்கூடம் கட்டினப்பவே."

பெக் மீன் எடுக்கும் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நோரீன் கரண்டியைத் தட்டில் வைத்தாள். டேரில்தான் பேசினான், கெஞ்சுகிற குரலில். "சரி, மேல ஏறிட்டேன்னே வை. ஆல்டோ நிக்கறது மூணாவது படியில. படிமேடையில சக்கரம் ஏறுமா? கீழ நிறுத்தினா சோப்ரானோவுக்கு முன்னால தனியா இருப்பே. அம்பது வருஷமா படிமேடை. அது இல்லாம பின்னால நிக்கறவன் மூஞ்சியே தெரியாது. வந்து உக்காந்திருக்கற அப்பா அம்மா என்னை உயிரோட விடுவாங்களா?"

வேனில் திரும்பும்போது நான்தான் கேட்டேன், இதைப் பத்திரிகையில் எழுதப் போகிறாயா என்று. எழுதினால் எத்தனை கடிதம் வரும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"டிவியைத் திட்டி எழுதுவேன் எடிட்டர். டேரிலைத் திட்டி எழுத மாட்டேன். அவன் பொய் சொல்லல." பிழை திருத்துகிற என்னை அவள் எடிட்டர் என்றுதான் கூப்பிடுவாள். சிக்னலில் வண்டியை நிறுத்தினாள். "எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ரெண்டு ஆல்டோவுக்கு நடுவுல உக்காந்து ஒரு பாட்டு. முன்னால இல்ல, ஓரத்துல இல்ல, பூங்கொத்து குடுத்து இல்ல. நடுவுல."

அடுத்த செவ்வாய் பள்ளி விட்டதும் மேடை ஒத்திகை. பத்திரிகைக்குப் படம் எடுக்க நான் போனேன். நோரீனும் வந்தாள். தன் பழைய இடத்தில், பியானோவுக்குப் பக்கத்தில், நாற்காலியை நிறுத்திக்கொண்டாள். பியானோவில் யாரும் இல்லை. அந்தப் பாட்டுக்கு ஒலிப்பதிவுதான்.

படிமேடையை ஓரமாகத் தள்ளிவைத்திருந்தார்கள். எட்டுப் பிள்ளைகள் நாற்காலிகளில் மேடையின் பின்சுவரை ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டானர் என்ற தடியன், ஃபுட்பால் அணியில் எதிராளியை மோதி வீழ்த்துவது அவன் வேலை. அவனுக்குப் பக்கத்தில் கெல்சி, பதினாறு வயது, புது ஆல்டோ. ஜிம்மில் இரண்டு வாரம் பழகியதை இன்றுதான் முதல்முதலாக மேடையில் ஆடுகிறார்கள்.

பாட்டு தொடங்கியது. முதல் அடி அழகாகவே இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். இடம் வலம் திரும்பினார்கள், ஒரே சமயத்தில் தலையைச் சாய்த்தார்கள். பிறகு அந்த இடம் வந்தது. சக்கரத்தை விட்டுவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கி, எட்டு எண்ணிக்கை வரை சிரித்துக்கொண்டே அசையாமல் இருக்க வேண்டும். டிவியில் அப்படித்தான்.

ஒன்று, இரண்டு என்று டேரில் எண்ணினான். மூன்று எண்ணும்போது எட்டு நாற்காலியும் புறப்பட்டன. மெதுவாகத்தான். பிள்ளைகள் கையைத் தூக்கியபடியே, சிரித்தபடியே, மேடை விளிம்பை நோக்கி வந்தார்கள். ஐந்தாம் எண்ணிக்கையில் சிரிப்பு போய்விட்டது. ஆறில் வேகம் வந்துவிட்டது. டேரில் வாயைத் திறந்துகொண்டு ஏழு என்றான்.

"கையைக் கீழ விடு." குரல் கீழேயிருந்து வந்தது. உரக்க இல்லை. "எல்லாரும் வலது சக்கரம். வலது சக்கரத்தை மட்டும் பிடி. எடது சக்கரத்தைத் தொடாதே. கெல்சி, இறுக்கிப் பிடி. நல்லது. விடாதே."

வலது சக்கரம் மட்டும் நின்றால் நாற்காலி வலது பக்கம் திரும்பிவிடும், சரிவுக்குக் குறுக்கே நின்றுவிடும். ஏழு நாற்காலிகள், ஒன்றன்பின் ஒன்றாக, அப்படியே குறுக்கே திரும்பி நின்றன. கெல்சியின் முன்சக்கரம் விளிம்பிலிருந்து ஒரு சாண். எட்டாவது டானர். அவனுக்கு வலது இடது பார்க்கிற பொறுமை இல்லை. குதித்து எழுந்துவிட்டான். வெறும் நாற்காலி அவனை விட்டுவிட்டு விளிம்பைத் தாண்டி, நோரீனுக்கு இரண்டடி தள்ளித் தரையில் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றியது.

நோரீன் அதைப் பார்த்தாள். மேலே நின்ற டானரைப் பார்த்தாள்.

"பையன் குணமாயிட்டான்," என்றாள்.

முதலில் சிரித்தது கெல்சி. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. டேரில் மட்டும் வெளுத்துப்போய் நின்றான்.

"நாற்காலியில கோளாறு. ஜிம்ல நல்லாத்தானே ஓடுச்சு. தரை சமம். இது சமமான தரை."

"டேரில், உன் காதுல இருக்கற பென்சிலை எடுத்துப் பின்சுவர்கிட்ட வை."

வைத்தான். பென்சில் ஒரு நொடி யோசித்தது. பிறகு உருண்டது. உருண்டு உருண்டு, மேடை முழுவதையும் கடந்து, விளிம்பு தாண்டிக் கீழே வந்தது. நோரீன் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

தச்சு வகுப்பிலிருந்து ரசமட்டக் கட்டையும் நூலும் கொண்டுவந்து பார்த்தார்கள். பின்சுவருக்கும் விளிம்புக்கும் ஆறு அங்குல வித்தியாசம். டேரில் மண்டியிட்டு மட்டத்தின் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினேழு வருஷமா இங்க நிக்கறேன்," என்றான்.

"நின்னா தெரியாது."

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவன் மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்தான். கால் தொங்கியது. குனிந்து நோரீனின் முகத்தைப் பார்த்தான். "அந்தப் பசங்களுக்கு நீ சொல்லிக் குடேன். எப்படிப் பிடிக்கறது, எப்படி நிறுத்தறதுன்னு. நீ சொன்னா உடனே கேட்டாங்க பாரு."

"மாட்டேன். நான் இருக்கும்போது என்னை மாதிரி நடிக்க எட்டு பேரு எதுக்கு? அவங்களை அவங்க கால்ல ஆடச் சொல்லு. நாற்காலியைத் திருப்பிக் குடுத்துடு." பென்சிலை விரல்களுக்கு நடுவில் சுழற்றினாள். "நான் கேக்கறது வேற. மேடையைச் சாய்வாக் கட்டினவன் குடிச்சிட்டுக் கட்டினானா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"யோசி. பின்பக்கம் உசரம், முன்பக்கம் தாழ்வு. எதுக்கு?"

டேரில் திரும்பி மேடையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவன் கழுத்து முதலில் சிவந்தது, பிறகு காது.

"பின்னால நிக்கறவன் தெரியறதுக்கு," என்றான் மெதுவாக.

"படிமேடை வேண்டாம்னுதான்டா அவன் அப்படிக் கட்டியிருக்கான். யாரோ ஒருத்தர் கவனிக்காம அது மேல படியைக் கொண்டாந்து போட்டாரு. அம்பது வருஷமா அதைத் தூக்கறீங்க, வைக்கறீங்க."

"ஆறு அங்குலம் பத்தாது நோரீன்."

"பத்தாது. நெட்டையா இருக்கறவங்களைப் பின்னால நிறுத்து. குட்டையா இருக்கறவங்களை முன்னால நிறுத்து. நேர்க்கோட்டுல நிக்காம அரைவட்டமா நிக்கச் சொல்லு. நடுவுல ஆல்டோ. அந்த ஆல்டோவுல ஒருத்தி உக்காந்திருப்பா."

டேரில் ஓரமாகக் கிடந்த படிமேடையைப் பார்த்தான். கதவுப் பக்கம் துப்புரவு வண்டியின் சக்கரம் கிரீச்சிட்டது. அவன் மறுத்தால் அவள் கீழேதான், இன்னொரு ஐம்பதாம் ஆண்டு வரப்போவதில்லை.

"சரி," என்றான். "படியை எடுத்துடறேன்."

ஊரில் முணுமுணுப்பு இல்லாமல் போகவில்லை. படிமேடை இல்லாமல் அது எங்கள் பள்ளிக் குழு மாதிரியே இருக்காது என்று பழைய மாணவர்கள் சிலர் போன் செய்தார்கள். பெக் அவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அவள் ஐந்தடிக்கும் குறைவு. பள்ளி நாட்களில் நெட்டைப் பெண்களின் தோளுக்குப் பின்னால் மூன்று வருடம் பாடியவள். இப்போது அரைவட்டத்தில் முன்வரிசை.

"என் மூஞ்சியை என் அம்மாவே மேடையில பாத்ததில்ல," என்றாள் ஒருவரிடம் போனில். "நீங்க அஞ்சு அடி பதினோரு அங்குலம், உங்களுக்கு என்ன, பேசுவீங்க. வந்து பின்னால நில்லுங்க."

கச்சேரி நாளன்று காற்று எலும்பைக் குத்தியது. வண்டி நிறுத்துமிடத்தில் அழுக்குப் பனிக்குவியல் இன்னும் கரையவில்லை. நோரீன் பின்பக்கச் சரிவில் தானே ஏறினாள், டியூபா என்ற பெரிய ஊதுகொம்புகள் இரண்டுக்கும் ஒரு டிரம் பெட்டிக்கும் நடுவில். டிரம் தூக்கிவந்த டானர் வழிவிட்டு நின்றான். தள்ளட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். கேட்டதற்கு நன்றி என்றாள்.

அரங்கில் அறுநூறு பேர். நான் மூன்றாம் வரிசையில் காமிராவோடு. பிள்ளைகள் தங்கள் கால்களால் நன்றாகவே ஆடினார்கள், டானர் உட்பட எட்டுப் பேரும் ஒருமுறைகூட இடது வலது மாறவில்லை. கடைசிப் பாட்டுக்குப் பழையவர்கள் வந்து நிறைந்தார்கள், நூற்றிருபது பேர். அரைவட்டம் மூன்று அடுக்காக வளைந்து நின்றது. பின்னால் நின்றவர்களின் முகம் எல்லாம் தெரிந்தது. நடுவில் பெக், அடுத்து நோரீன், அடுத்து கெல்சி. நோரீன் நாற்காலியைச் சற்றுக் குறுக்காகத் திருப்பி நிறுத்தியிருந்தாள், முகம் டேரிலை நோக்கி. யாரும் அவளைத் தனியாக அறிமுகம் செய்யவில்லை. விளக்கு அவள்மேல் தனியாக விழவில்லை. அதைத்தான் அவள் கேட்டிருந்தாள்.

அந்தப் பாட்டு எங்கள் பள்ளியின் எல்லாக் கச்சேரியையும் முடித்து வைக்கிற பாட்டு. நாலு குரல், வாத்தியம் கிடையாது. மூன்றாம் அடிக்கும் நாலாம் அடிக்கும் நடுவில் நூற்றெழுபது பேரும் சட்டென்று நிறுத்துவார்கள். இரண்டு எண்ணிக்கை முழு மௌனம். டேரிலின் கை கீழே வந்ததும் எல்லோரும் ஒன்றாக எடுப்பார்கள்.

நிறுத்தினார்கள். அரங்கு மூச்சு விடவில்லை. ஒரு எண்ணிக்கை போனது.

அப்போது ஒரே ஒரு குரல் எடுத்துவிட்டது. தாழ்ந்த, அவசரப்படாத, கொஞ்சம் கரகரத்த குரல், ஒரு முழு எண்ணிக்கை முன்னதாக. அந்த மௌனத்தில் தன்னந்தனியாக, அறுநூறு பேர் மேல் அது போய் விழுந்தது. சரியான சுரம். தவறான நேரம்.

எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கேரி நீஸின் தலை நிமிர்ந்தது. இரண்டு இருக்கை தள்ளி ஒரு பெண் தன் கணவனின் முழங்கையைப் பிடித்தாள். அரங்கு நெடுக அப்படித் தலைகள் நிமிர்ந்தன. தங்கள் வாழ்க்கையின் மிக மோசமான நிமிடத்தில் 'நான் இருக்கேன், போனை வைக்காதீங்க' என்று சொன்ன குரல் எது என்று அவர்களுக்குத் தெரியும். அது பாடும் என்றுதான் தெரியாது.

அவள் நிறுத்தவில்லை. பாதியில் விழுங்கவும் இல்லை. எடுத்த சுரத்தை விடாமல் பிடித்திருந்தாள். அடுத்த எண்ணிக்கையில் டேரிலின் கை விழுந்தது, நூற்றெழுபது குரலும் அவள் சுரத்தின்மேல் வந்து உட்கார்ந்தன. வீடு முழுக்க எழுந்து நின்ற மாதிரி இருந்தது. பெக் அழுதுகொண்டே பாடினாள். நோரீன் அழவில்லை, அவளுக்கு இன்னும் ஒரு அடி பாட வேண்டியிருந்தது.

எங்கள் ஊரில் நல்லதற்கும் எழுந்து நின்று கைதட்டுவார்கள், சுமாருக்கும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். அன்று முதலில் ஒருவரும் எழவில்லை. கேரி எழுந்தான். பிறகு எல்லோரும்.

திங்கட்கிழமை காலை நோரீனின் கட்டுரை வந்தது. இந்த வாரம் செவ்வாய்ச் சீரியலைப் பற்றி அல்ல, சனிக்கிழமைக் கச்சேரியைப் பற்றி. டிவிக்குக் காட்டாத சலுகையை ஊருக்கும் காட்டவில்லை. மேல்ஸ்தாயி ஆண்குரல்களான டெனர்கள் இரண்டாம் பாட்டில் சுரம் இறங்கினார்கள், டிரம் சத்தம் அதிகம், ஒலிப்பதிவுக்கு ஆடிய பாட்டை அடுத்த முறை வாத்தியத்தோடு ஆட வேண்டும், ஃபுட்பால் பையன்கள் சீரியலில் வருகிறவர்களைவிட நன்றாக மூச்சு எடுத்தார்கள். படிமேடை இல்லாததால் குரல்கள் ஒன்றோடொன்று கலந்தன, இனி அதைக் கொட்டகையிலேயே வைத்துவிடலாம். கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: "இறுதிப் பாட்டின் நாலாம் அடியில் ஆல்டோ ஒருத்தி ஒரு எண்ணிக்கை முந்திக்கொண்டாள். மன்னிக்க முடியாத தவறு. அவள் பெயர் நோரீன் ரெக்கர்."

எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் வேலை நேரம் என்று தெரிந்தும், அவளுடைய சொந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். அந்தக் கடைசிப் பத்தி வேண்டாமே, ஊரே அதைத்தான் கொண்டாடுகிறது, அதைப் போய்த் தவறு என்று போட்டால் எத்தனை பேர் கடிதம் எழுதுவார்களோ என்று இழுத்தேன். இல்லாவிட்டால் பெயரையாவது எடுத்துவிட்டு 'ஓர் ஆல்டோ' என்று மட்டும் போடட்டுமா என்றேன்.

மறுமுனையில் மூச்சு சிதறுவது மட்டும் கேட்டது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

"பேரோட போடு எடிட்டர்," என்றாள். "மேடையில பாடினவங்க தப்பைத்தானே விமரிசனத்துல போடுவாங்க. இரு, இன்னொரு லைன் வருது."

போட்டேன்.